இடது பக்கக் கதவின் சாவி

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. என் மகள் யாழினி இப்போதுதான் தூங்கினாள். அவள் அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். பகலில் எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. அம்மாவைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள், நினைவு ஜெபக் கூட்டத்தில் வாசிக்கலாம் என்று எஸ்தர் அக்காவின் மகன் டேவிட் கேட்டுக்கொண்டார். சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவில் முன்பு குடியிருந்தவர்களுக்கும் இதை அனுப்புகிறேன். காரணம் இருக்கிறது.

செய்தி எனக்கு வந்தது போன செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு இடைவேளையில். எங்கள் கம்பெனியில் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். லாக்கரைத் திறந்தால் எதிர்வீட்டுக் கலாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள். பாப்பாவுக்கு என்னவோ என்று உடனே கூப்பிட்டேன். "எஸ்தர் அக்கா போய்ட்டாங்கடி" என்றாள் கலா. பாப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு மூச்சு விட்டேன். அழுகை அதற்கு அப்புறம்தான் வந்தது. அக்காவிடம் நான் எதையும் மறைத்ததில்லை. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் கேன் போட்டுவிட்டு வந்திருக்கிறார். காலி கேன்களை இறக்கி, வண்டியைப் பூட்டி, கொஞ்சம் படுக்கிறேன் என்று பாயை விரித்தவர் எழுந்திருக்கவில்லை. இடுப்புச் சுருக்குப் பையில் வண்டிச் சாவி இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவர் இறந்து பல வருஷம். மகன் டேவிட் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வியாழக்கிழமை அவர் வந்து சேர்ந்த பிறகுதான் அடக்கம் நடந்தது.

டேவிட் வருகிற சனிக்கிழமை திரும்பிப் போகிறார். அதற்குள் வண்டியை என்ன செய்வது என்று முடிவாக வேண்டும். பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வண்டியைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அக்காவைத் தெரியாதவர்களுக்கு, அவரை எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அது என் வயதைவிடப் பழைய பிக்கப் வண்டி. பச்சை நிறம், பச்சையாக இருந்த நிறம் என்று வேண்டுமானால் சொல்லலாம். முன்னால் நீளமாக ஒரே சீட்டு. வெளியிலிருந்து பூட்டித் திறக்க இடது பக்கக் கதவில் மட்டும்தான் சாவித் துவாரம் உண்டு. டிரைவர் பக்கக் கதவை உள்ளேயிருந்து கைப்பிடியை அழுத்தித்தான் பூட்ட முடியும். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்களாம், ஓட்டுபவர் நடுரோட்டுப் பக்கம் நின்று பூட்டைத் துழாவ வேண்டாம் என்று. அதனால் அக்கா எப்போதும் இடது கதவு வழியாக ஏறி, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சீட்டில் நகர்ந்து நகர்ந்துதான் ஸ்டியரிங்குக்குப் போவார். கூட வருகிறவர் ரோட்டில் காத்து நிற்க வேண்டும். "இன்னா மா பாக்கற, ராணி ஏறிட்டுதான் நீ ஏறணும்" என்பார்.

அக்கா வாடகைக்கு விட்டிருந்த ஆறு வீடுகளில் ஒன்றுக்கு நாங்கள் குடிவந்தபோது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. எனக்கு ஊர் சிவகாசிப் பக்கம். இங்கே ஒருவரையும் தெரியாது. அட்வான்ஸை வாங்கிக்கொண்டு அக்கா என் கையில் இரண்டு சாவி வைத்தார்.

"ஒண்ணு வூட்டு சாவி. இன்னொண்ணு வண்டி சாவி."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதேக்கா."

"யாரு உன்ன ஓட்டச் சொன்னது? இது கதவு சாவி. வண்டி கிளப்புற சாவி என்கிட்டதான் கீது. ஒடம்புக்கு முடியலயா, பயமா கீதா, கதவ தொற, குந்து, ஆரன அமுக்கு. நான் வந்துருவேன்."

அந்த வண்டியில் ஹாரனுக்கு இன்ஜின் சாவி தேவையில்லை. எப்போது அமுக்கினாலும் அடிக்கும்.

"போன் பண்ணக் கூடாதாக்கா?" என்று கேட்டேன்.

"போன்ல நீ, ஒண்ணுமில்லக்கா சும்மாதான்னு சொல்லி வெச்சிருவ. எல்லாரும் அப்டிதான். ஆரன அமுக்கிட்டு சும்மான்னு சொல்ல முடியாதுல்ல?"

வந்து குடியேறுகிற எல்லாப் பெண்களுக்கும் அப்படி ஒரு சாவி உண்டு. காலி செய்துகொண்டு போகிறவர்களிடம் அவர் வீட்டுச் சாவியைத்தான் திருப்பி வாங்குவார். இந்தச் சாவியைக் கேட்டதில்லை.

நான் முதலில் அமுக்கியது யாழினி பிறந்து நாற்பதாவது நாள், காலை பத்து மணி வாக்கில். அவளுக்கு விக்கல் நிற்கவில்லை. என் கணவருக்குக் காலை ஷிஃப்ட், அவர் போனும் லாக்கரில். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்து அமுக்கினேன். தெரு முழுக்கக் கேட்டது. வெட்கமாகப் போய்விட்டது. அக்கா சோப்பு நுரையோடு ஈரக் கையாக வந்து, "தள்ளிக் குந்து" என்றார். அவர் இடது கதவில் ஏற, நான் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்தேன். குழந்தையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ இன்னா துன்ன காலையிலருந்து?"

ஒன்றும் தின்றிருக்கவில்லை. விக்கலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. போய்ப் பழைய சோறும் சுண்டவத்தலும் கொண்டுவந்து, நான் சாப்பிடும்வரை குழந்தையை வைத்திருந்தார். அது பாட்டுக்கு விக்கல் நின்றது.

அந்த வருஷம் எத்தனை முறை அமுக்கியிருப்பேனோ தெரியாது. கலா வாசலில் நின்று, "இன்னாடி, இன்னிக்கு பாப்பா கொட்டாவி வுட்டுதா?" என்பாள். அக்கா ஒரு முறைகூட அப்படிக் கேட்டதில்லை. அதற்காக அவர் எப்போதும் சாந்தமானவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாய் உண்டு. கொடுத்த பாத்திரம் திரும்பி வராது. ரிவர்ஸ் எடுத்தால் யார் வீட்டுச் சுவராவது உரசும், கேட்டால் சுவர்தான் முன்னால் வந்தது என்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்ப யாராவது தாமதித்தால் தெருவே கேட்கும்படி வைவார். வண்டியில் ஏறி உட்கார்ந்தவரை மட்டும் திட்ட மாட்டார். இறங்கின பிறகு திட்டுவார்.

இப்போது என் தவறை எழுத வேண்டும்.

நான் வேலை பார்ப்பது ஒரகடத்தில், வண்டிகளுக்குப் பூட்டும் சாவியும் செய்கிற ஒரு கம்பெனியில், தரம் பார்க்கிற பிரிவில். பிரசவ விடுப்பும் அதற்கு மேல் எடுத்த லீவும் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது யாழினிக்கு நடை வந்துவிட்டது. ஒரு நாள் அவசரத்தில் என் பீரோச் சாவியைப் போட்டுத் திருப்பினேன், வண்டிக் கதவு திறந்துகொண்டது. உள்ளே இருக்கிற பித்தளைத் தகடுகள் தேய்ந்து போயிருந்தன. "பீரோச் சாவிக்கே திறக்குதுக்கா" என்று பதறினேன். "ஊக்கு போட்டாலும் தொறக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவனாவது திறப்பான், குழந்தை உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வாள், வெயிலில் கண்ணாடி ஏற்றியிருக்கும் என்று மனசு எங்கெங்கோ போனது. அக்கா ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு பூட்டுக்காரரை வரவழைத்துப் புதுப் பூட்டு மாட்டினேன். அருமையான பூட்டு. நானே இருபது தடவை திருப்பிப் பார்த்தேன். இரண்டு சாவி. அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவருக்கு ஒரு பரிசு போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் வாங்கிச் சுருக்குப் பையில் போட்டார். பழைய சாவிகள் இனி ஆகாது என்பது அவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் தொழிலே அதுதான்.

நான்காம் நாள், கடைசி வீட்டு முத்துமாரியின் மகன் காலில் கொதிக்கிற தண்ணீர் கொட்டிவிட்டது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடிவந்து தன் சாவியைப் போட்டிருக்கிறாள். திரும்பவில்லை. அழுத்தித் திருப்பியதில் சாவி உள்ளேயே உடைந்துவிட்டது. ஐம்பதடி தள்ளி அக்கா குளித்துக்கொண்டிருந்தார். கத்த வேண்டும் என்று முத்துமாரிக்குத் தோன்றவில்லை. ஹாரன் பழகியிருந்தது, குரல் பழகவில்லை. மெயின் ரோடு வரை நடந்தே போயிருக்கிறாள். பையனுக்குக் குணமாகிவிட்டது. கணுக்காலில் தழும்பு இருக்கிறது. நான் அந்தக் காலைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அக்கா என் வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"நீ பயந்துக்கினு பண்ணிட்ட. எனக்குத் தெரியும். ஆனா உன் பயத்துக்காவ இன்னொருத்திய வெளிய நிக்க வெச்சிட்ட மா. பழைய பூட்ட எங்க போட்ட?"

நல்ல வேளை, அடுப்படியில் ஒரு பைக்குள் வைத்திருந்தேன். மறுநாளே அதைத் திரும்ப மாட்டினார். மாட்டிவிட்டு என்னை விடவில்லை. ஒவ்வொரு வீடாக என்னைக் கூட்டிக்கொண்டு போய், எல்லாப் பெண்களையும் சாவியோடு வண்டிக்குக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியாக வந்து திருப்பிப் பார்த்தார்கள். முத்துமாரிக்கு அன்றே புதுச் சாவி வெட்டி வந்திருந்தது. "ஏன்க்கா, ரேஷன் கடையாட்டம் வரிசைல நிக்க வுட்டுட்ட" என்றாள் கலா. "உன்னுது நல்லா சுத்துது, உன் வாய் மாதிரி" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். முத்துமாரியும் சிரித்தாள், என்னைப் பார்க்காமல். எல்லோரும் போன பிறகு, "நீயும் போட்டுப் பாரு" என்றார். என் சாவியும் திறந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, நான் லீவில் இருந்தேன். மதியம் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது ஹாரன் கேட்டது. அக்கா போவார் என்றுதான் முதலில் தோன்றியது. கை கரண்டியோடு நின்றுவிட்டது. மறுபடி அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். எல்லா வீட்டிலும் ஆள் இருந்தார்கள். கலா தன் வாசலில் நின்றுகொண்டு என் வாசலைப் பார்த்தாள், நான் அவள் வாசலைப் பார்த்தேன். ஒருவரும் படி இறங்கவில்லை. மூன்றாவது முறை குறைவாக அடித்து நின்றுபோனது. அதன் பிறகுதான் நான் போனேன்.

உள்ளே பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். தென்காசிப் பெண், குடிவந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் வரமாட்டாவன்னு தெரியும்க்கா. இருந்தாலும் அமுக்கிப் பாத்தேன்."

"என்ன பண்ணுது?"

"காலைலேருந்து பிள்ள அசையவே இல்லக்கா."

தள்ளி உட்காரச் சொல்லவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸ் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார், நன்றாகத்தான் அடித்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள், "நாளைக்கும் அமுக்கினா வருவீங்களாக்கா?" வருவேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விட்டேன். அன்று முழுக்கத் தரம் பார்த்த சாவி ஒன்றும் என் கண்ணில் நிற்கவில்லை.

டேவிட்டிடம் பேசினேன். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. "வர ஆளு இல்லாத வண்டிய நிறுத்தி வெச்சி இன்னா பண்றது அக்கா? நம்பி அமுக்கிட்டு ஏமாந்துக்கினு குந்துவாங்க. ஆளு கீதுன்னு சொல்லுங்க, நான் விக்கல. வூடும் வண்டியும் அப்படியே கெடக்கட்டும்" என்றார்.

அக்கா சாகும்போது கூப்பிட நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. நினைத்திருந்தாலும் அவர் ஹாரனுக்கு ஓடிவர ஒரு ஆளை நாங்கள் வைத்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அதை ஒருவரும் யோசிக்கவில்லை. எஸ்தர் அக்கா, அதற்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். போய் வாருங்கள்.

இதை வாசிக்கிறவர்களுக்கு: மாலை ஆறு மணிக்கு மேலும், இரவிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் வருவேன். பயந்தவள்தான், ஆனாலும் வருவேன். வண்டி ஓட்டப் பழக வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அதுவரை ஆட்டோக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நான் ஒரகடத்தில் இருப்பேன், போன் லாக்கரில் இருக்கும். அந்த நேரத்துக்கு ஹாரன் கேட்டால் படி இறங்கி வர ஒருவர் வேண்டும். ஓட்டத் தெரிய வேண்டாம். கலாவிடம் கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வாரத்தில் ஒரு நாள் முடியும் என்றால்கூடப் போதும், ஆள் சேர்ந்தால் நாள் பிரித்துக்கொள்ளலாம். பக்கத்துத் தெருவுக்கும், படப்பைக்கும் மாறிப் போனவர்கள் யாருக்காவது முடியுமா?

டேவிட் சனிக்கிழமை காலை கிளம்புகிறார். தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் பதில் எழுதுங்கள். முடியாது என்றாலும் எழுதுங்கள்.