நாலு எழுத்துக்கு விட்ட இடம்

டேட்டாபேஸில் ஸ்டோர்டு புரொசீஜர், அதாவது கேட்டதும் தகவலை எடுத்துத் தரும் சிறு நிரல், எழுதும்போது, வெளியிலிருந்து உள்ளே வரும் ஒவ்வொரு மதிப்பும் எண்ணா எழுத்தா, எத்தனை எழுத்து நீளம் என்று தலைப்பிலேயே அறிவிக்க வேண்டும். நாலு என்று அறிவித்துவிட்டு ஐந்து எழுத்தை அனுப்பினால் நான் வேலை பார்த்த டேட்டாபேஸ் மறுப்பே சொல்லாது. ஐந்தாவது எழுத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு மேலே போய்விடும். இந்த மாதிரி வாய் திறக்காத நல்ல பிள்ளைகளை எனக்கு இப்போது அறவே பிடிக்காது. நானும் அதில் ஒருத்தி.

காரைக்காலில் நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றிய ஓர் அலுவலகத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. எங்கள் பக்கத்து நிலத்துக்கு இரண்டு எண் உண்டு. பிரெஞ்சுக்காரன் காலத்து எண் ஒன்று, பிறகு வந்த சர்வே எண் ஒன்று. மாதிரிக்கு என்று என்னிடம் கொடுத்த தாளில் இருந்தவை பழைய எண்கள், எல்லாம் நாலு இலக்கத்துக்குள். நகல் எடுத்துத் தரும் புரொசீஜரில் நானும் நாலு என்று போட்டேன். சர்வே எண்ணுக்குப் பின்னால் உட்பிரிவு எழுத்து வரும் என்பது வயல்காரர் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாததா? தெரியும். சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம், அவ்வளவுதான்.

தாத்தா விட்டுப்போன வயல் 87/2. மூத்தவர் என்பதால் பெரியப்பா பேரில் இருந்தது. பாகம் பிரித்தபோது அவருக்கு 87/2ஏ, அப்பாவுக்கு 87/2பி. கணினியில் பழைய 87/2-ஐ யாரும் நீக்கவில்லை. அப்பா பட்டா நகல் எடுக்கப் போன அன்று என் புரொசீஜர் அந்த 'பி'யை வெட்டியது. முழு வயலும் பெரியப்பா பேரில் இருப்பதாக அச்சாகி வந்தது.

அப்பா அந்தத் தாளோடு பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்று தெருவே கேட்கக் கத்தினார். கம்ப்யூட்டர் தப்பாக இருக்கலாம் என்று நான் இழுத்தேன்.

"அண்ணன் சொல்லாம கம்ப்யூட்டர் தானா மாத்துமா?" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் என் புரொசீஜரைத் திறந்து பார்த்தேன். நாலை இருபதாக்கினேன். அரை நிமிட வேலை. எனக்கு மேலே இருந்த அதிகாரி, வெளியில் தெரிந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்றார். வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு நகல் எடுத்துப் பாருங்கள் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். இந்த முறை சரியாக வந்தது. அதோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தவள் நான்.

"பயந்துட்டான் பாத்தியா. நான் கத்தினதும் ஆளப் புடிச்சு திருப்பி மாத்திட்டான்" என்றார் அப்பா.

திருத்தியது நான். திருடன் என்று பட்டம் வாங்கியது பெரியப்பா. கடைமடைக்குத் தண்ணீர் வருவதே பெரிய பாடு. அந்த வருஷம் வந்த தண்ணீரை அண்ணனும் தம்பியும் ஒரே வரப்பில் முகம் திருப்பிக்கொண்டு நின்று பாய்ச்சினார்கள்.

பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அந்த ஆபீஸ்லதானம்மா இருக்க. நான் ஒண்ணும் பண்ணலன்னு உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"சொல்றேன் பெரியப்பா" என்றேன்.

அன்று சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன். அடுத்த வாரம் அவர் இல்லை. அப்பா சாவுக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நான் போய் வாய்க்கரிசி போட்டேன். போட்ட கையை அங்கேயே வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்குத் திரும்பி, குளித்துவிட்டு உள்ளே வந்தபோது அப்பா சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"சனம் நெறைய வந்துருந்துச்சா?"

வந்திருந்தது என்றேன். அதற்கு மட்டும் பதில் சொன்னேன்.