கியர்பாக்ஸில் இருபத்தேழு மரை

தி. நகரில் என் பட்டறையை நானே கட்டினேன். கூரைத் தகரம், கம்பம், தரைக்குப் போட்ட செங்கல் எல்லாம் என் உழைப்பில் வந்தவை. உடைந்து கிடந்த இரண்டு கார்களை வைத்து ஓடுகிற ஒரு கார் கட்டினேன். அடையாறு பங்களாக்களில் இனி ஓடாது என்று மூலையில் தள்ளிய அமெரிக்க ஃப்ரிட்ஜ்களை ஓடவைத்தேன். படிப்பு ஐந்தாவதுதான். யாரும் கைதூக்கிவிடவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். பட்டறை நின்ற மனை அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிக்காரர், பக்கத்துத் தெருவில் ஜவுளிக்கடை. அவரிடம் ஓர் அமெரிக்கக் கார் இருந்தது. கிளட்ச் கிடையாது, கியர் தானாக விழும். ஏற்காடு மலை ஏறும்போது கியர்பாக்ஸ் ஆயில் சூடேறிக் கருகிவிட்டது. அடுத்து அம்மாவைத் திருப்பதி மலைக்கு அழைத்துப்போகவேண்டும், அதற்குள் சூடு காட்டுகிற மீட்டர் மாட்டு என்றார். புதுப்பேட்டையில் பழைய இங்கிலீஷ் லாரியிலிருந்து கழற்றிய மீட்டரையும் அதன் யூனிட்டையும் அவரே வாங்கிவந்தார். இன்று சென்சார் என்கிறீர்களே, அதைத்தான் நாங்கள் யூனிட் என்போம். கியர்பாக்ஸில் ஆயில் பிரஷர் பார்க்க ஒரு துளை உண்டு. அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு யூனிட்டைத் திருகவேண்டும். வேலை அவ்வளவுதான்.

நான் வெளியே போய்த் திரும்பியபோது ஃபிட்டர் அந்தோணி வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். சாந்தோம்காரன், நல்ல கை. யூனிட்டில் சணல் சுற்றி, வெள்ளை ஈயம் தடவி, கொஞ்சம் ஏற்றிவிட்டு ஸ்பேனரைப் போட்டிருந்தான். லாரிகளுக்கெல்லாம் நாங்கள் செய்கிற முறைதான். மரையில் சந்து இருந்தாலும் சணல் அடைத்துவிடும்.

“கையால எத்தினி சுத்து போச்சு?” என்றேன்.

“மூணு போச்சு வாத்தியாரே. அப்பால டைட்டா கீது. ஒரு இழுப்பு இழுத்தா உக்காந்துக்கும்.”

“இழுக்காத. கழட்டு.”

“இன்னா வாத்தியாரே, லாரில இத்த மாரி எத்தினி போட்டுகீறேன்.”

“லாரிது இரும்புப் பெட்டி. இது அலுமினியம். வெடிச்சா உன் மாமனார் அமெரிக்காலேர்ந்து அனுப்புவாரா?”

நாற்காலியில் இருந்த அண்ணாச்சி எழுந்து வந்தார். “ஏல மாணிக்கம், உள்ள போறத எதுக்கு வெளிய எடுக்கச் சொல்லுத? நாளைக்கு நான் கெளம்பணும்.”

“போகலீங்க அண்ணாச்சி, மாட்டிக்கினு கீது,” என்றேன்.

“அந்தப் பெட்டி ஒடைஞ்சா இந்த ஊர்ல கெடைக்காது பாத்துக்க. பொறவு ஒனக்கு இங்க எடமும் கெடையாது. மெரினாவுல சுண்டல் விக்கப் போவேண்டியதுதான்.”

“அதுக்குத்தான் கழட்டச் சொல்றேன்.”

அந்தோணி கழற்றிக் கொடுத்த யூனிட்டைத் துடைத்தேன். பழைய பிளக்கை அதன் பக்கவாட்டில் வைத்து, மரைக்குள் மரையாக அழுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஒரு முனையில் பல்லோடு பல் உட்கார்ந்தது. மறுமுனைக்குப் போவதற்குள் விலகி, இடையில் வெளிச்சம் தெரிந்தது. இஞ்சுக்கு எத்தனை மரை என்று பல்வைத்த தகட்டு இலைகளை வைத்துப் பார்க்கிற பிட்ச் கேஜை எடுத்தேன். யூனிட்டில் இருபத்தெட்டாம் இலை சரியாகப் படிந்தது. பிளக்கில் இருபத்தெட்டும் படியவில்லை, இருபத்தாறும் படியவில்லை. எங்களிடம் இருந்த இங்கிலீஷ் கேஜில் இருபத்தேழு என்ற இலையே கிடையாது.

“எலையே இல்ல, பொறவு எப்படிடே கண்டுபிடிப்ப?” என்றார் அண்ணாச்சி.

அமெரிக்க ஃப்ரிட்ஜ் சாமான் டப்பாவிலிருந்து ஒரு பித்தளை ஃபிட்டிங்கை எடுத்து பிளக்கோடு சேர்த்துக் காட்டினேன். முனைக்கு முனை பூட்டிக்கொண்டது.

“இது அமெரிக்க மரை, இஞ்சுக்கு இருபத்தேழு. யூனிட் இங்கிலீஷ், இருபத்தெட்டு. ரெண்டுக்கும் பேரு எட்டுல ஒரு இஞ்ச் பைப்தான். இங்கிலீஷ் கொஞ்சம் ஒல்லி, அதான் மூணு சுத்து வுட்டுச்சு.”

“டாப் போட்டு தொளைல இங்கிலீஷ் மரை வெட்டிடலாமே?” என்றான் அந்தோணி.

“தொளை ஏற்கெனவே பெருசு. சீவலும் உள்ள வுழும்.”

இடையில் ஒரு அடாப்டர் வைப்பதுதான் வழி. கீழே அமெரிக்க மரை, மேலே அகலமான தலைக்குள் இங்கிலீஷ் மரை. தரையில் சாக்பீஸால் வரைந்தேன். மயிலாப்பூரில் லேத் வைத்திருந்த தாமோதரனிடம் பிளக், யூனிட், ஃப்ரிட்ஜ் வேலைக்கு அமெரிக்க மரை வெட்ட நான் வைத்திருந்த டை மூன்றையும் கொடுத்துப் பக்கத்திலேயே நின்றேன். பித்தளையில் கடைந்துகொடுத்தான். சணல் சுற்றாமல் மாட்டினேன். யூனிட்டுக்கு எர்த் மரை வழியாகத்தான் போகவேண்டும், சணல் தடுத்தால் மீட்டர் முள் எழாது.

அண்ணாச்சி மலை ஏறி இறங்கி வந்தார். “முள்ளு செகப்புப் பக்கமே போகலடே,” என்றார். அடியில் படுத்துப் பார்த்தேன். பெட்டியில் கீறல் இல்லை, ஒரு சொட்டு ஆயில் இல்லை. என் பட்டறை அதே இடத்தில் நின்றது.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கையால் போகிறவரைதான் அது மரை. பாதியில் நின்றால் ஸ்பேனரைத் தேடாதீர்கள், பழைய பிளக்கைத் தேடுங்கள்.

தாமோதரன் இப்போது தன் கடைக் கண்ணாடிப் பெட்டியில் அப்படி ஓர் அடாப்டரை வைத்து, ‘சென்னையில் முதன்முதலில் நாங்கள் செய்தது’ என்று அட்டை எழுதியிருக்கிறான். கடைந்தது அவன்தான், மறுக்கவில்லை. மரையை அடையாளம் கண்டது நான், வரைந்தது நான், டை என்னுடையது. அந்த அட்டையில் மாணிக்கம் என்ற பெயர் வரவேண்டும். அவன் பெயருக்கு மேலே வரவேண்டும்.