பின்சந்தில் வைத்த சஹன்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான்காம் வகுப்போடு கடையில் உட்கார்ந்தவன் நான். சாக்கு மூட்டைகளில் பெயர் எழுதியதைத் தவிரத் தமிழ் எழுதிப் பழக்கமில்லை.

யாங்கோன் என்கிற ரங்கூனில், லான்மடா பகுதியில் எங்களுக்குக் கயிற்றுக்கடை, மாடியில் வீடு. இங்கே தெருக்களெல்லாம் ஆற்றங்கரையிலிருந்து வடக்கே நேராகப் போகும். வெள்ளைக்காரன் சதுப்பு நிலத்தை மண் போட்டு நிரப்பிக் கோடு கிழித்த ஊர் இது. இரண்டு தெரு வீடுகள் முதுகோடு முதுகாக நிற்கும் இடத்தில் ஒரு பின்சந்து விட்டான். மல வாளி எடுப்பவர்கள் போய்வர அந்த வழி. நடுவில் செங்கல் சாக்கடை. கோடு கிழித்தது அவன். மண் வெட்டியதும் செங்கல் அடுக்கியதும் கப்பலில் வந்த நம் ஆட்கள். என் வாப்பாவின் வாப்பாவும் அதில் ஒருவர்.

வாளி வழக்கம் நின்ற பிறகு, சமையலறை ஜன்னலைத் திறந்து குப்பையைச் சந்தில் விடுவதே இரண்டு தெருக்காரர்களுக்கும் பழக்கமாகிவிட்டது. எங்கள் வீடும் அதற்கு விலக்கில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் என் தங்கைக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு வீடு இதே ஊரில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை. நிக்காஹ் முடிந்த வாரமே வேலைக்கு மலேசியா போகிறவர். எங்கள் விருந்தில் சஹன் வைக்க வேண்டும். ஒரு தாம்பாளத்தைச் சுற்றி நான்கு பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது. அதற்குத் தெருவில்தான் பந்தல் போடுவோம். அந்த வாரம் பார்த்துக் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டார்கள். மண்டபம் பிடிக்க வசதியில்லை. மாப்பிள்ளையின் மாமு வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

"விருந்து இல்லாமப் பொண்ணெடுத்தா பேச்சு வரும். பையன் போயிட்டு வரட்டும், அப்புறம் வச்சுக்குவோம்."

அப்படிப் போனவர்களில் திரும்பாதவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. தங்கை எழுந்து உள்ளே போனாள்.

"பின்னால சந்து இருக்கு மாமு" என்றேன்.

"அந்தக் குப்பைக்குள்ளயா? சரி, நீ வச்சுக் காட்டு, நாங்க வர்றோம்."

வீடு வீடாகப் போய் உதவி கேட்க எனக்குக் கூச்சம். மறுநாள் காலையில் மண்வெட்டியோடு தனியாக இறங்கினேன். எதிர்ப்பக்க மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு அம்மா தெரிந்தார். தமிழ்த் தகப்பனுக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர். அதுவரை பேசியதில்லை.

"என்ன தம்பி, தங்கம் ஏதும் விழுந்துருச்சா?"

"தங்கச்சிக்குக் கல்யாணம் அக்கா. இங்கதான் விருந்து."

"இங்கயா? நாங்க கொட்டுற எடத்துலயா?"

"ஆமாக்கா."

ஜன்னல் சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் அவர் கூடையோடு கீழே நின்றார், பின்னால் கணவர். "இந்த மனுசன் கொட்டுனதுதான் பாதி. அள்ளட்டும்."

அதன்பிறகு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன, ஆட்களும் இறங்கினார்கள். முழங்கால் ஆழத்துக்குக் கீழே செங்கல் தெரிந்தது. ஒன்றுகூடப் பெயரவில்லை. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். எங்கும் தேங்காமல் ஆற்றுப் பக்கமாக ஓடியது. யாரும் பார்க்காதபோது அந்தச் செங்கலைக் கையால் தடவினேன்.

நிக்காஹ் அன்று சந்தின் ஒரு முனையில் சமையல்கார பண்டாரி பிரியாணி தேக்சாவை அடுப்பில் ஏற்றினார். மூடியைப் போட்டு நெருப்பைத் தணித்தாரோ இல்லையோ, மேலேயிருந்து ஒரு பை வந்து மூடியின் மேலேயே விழுந்தது. மீன் செதில்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அதே அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு.

"கைப்பழக்கம் தம்பி" என்றார்.

பண்டாரி மூடியைக் கழுவியபடி அக்காவைப் பார்த்து, "மீன் வேணும்னா நேத்தே சொல்லியிருக்கலாமே, லாத்தா" என்றார்.

அக்கா கீழே வந்து, விருந்து முடியும்வரை முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஜன்னலையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

சந்து நேராக இருந்ததால் சஹன் வரிசையும் நேராகப் போனது. மாப்பிள்ளையின் மாமு முதல் தாம்பாளத்தில் உட்கார்ந்து, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். அன்றே நிக்காஹ் முடிந்தது. அடுத்த வருடம் தங்கையையும் மாப்பிள்ளை மலேசியாவுக்கு அழைத்துக்கொண்டார்.

சுற்றியிருக்கும் சந்துகள் பழையபடி ஆகிவிட்டன. எங்கள் சந்தில் இன்றும் யாரும் கொட்டுவதில்லை. சென்ற வாரம் தங்கை பிள்ளைகளோடு வந்திருந்தாள். "இங்கதான் உங்கம்மா கல்யாண விருந்து" என்று காட்டினேன். அவர்கள் நம்பவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

2010 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு.