சித்தி கேட்ட உதவி

கடலுக்குப் போகும் அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் அவள் சித்திதான். அவளைவிட மூத்தவரான மருந்துக்கடைக்காரர்கூட வாய் கூசாமல் அப்படித்தான் கூப்பிடுவார். அவளை முதன்முதலில் கயாக் என்னும் ஒற்றை ஆள் துடுப்புப் படகில் உட்கார வைத்தது அவளுடைய அக்கா மகள். அவள் வாயில் வந்த பெயரே மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

சித்தி சலவைக்கடை வைத்திருந்தாள். முன்னறையில் நீராவி இஸ்திரிப் பெட்டியும், ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளும். பின்னறையில் கொடிக்கயிறும் பெரிய ஃபேனும் இருந்ததால் கூட்டத்தின் பொதுச் சாமான்கள் அங்கேதான் காய்ந்தன. லைஃப் ஜாக்கெட், துடுப்பு, தண்ணீர் புகாத பை, இறைக்கும் பம்பு என்று யாருக்கு எது வேண்டுமோ எடுத்துப் போகலாம். நல்ல தண்ணீரில் அலசித் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். அலசாமல் கொண்டுவந்தால் சித்தி திட்டமாட்டாள். வாங்கி முகர்ந்து பார்ப்பாள். பிறகு எதிரிலேயே குழாயைத் திறந்துவிட்டுப் பேசாமல் நிற்பாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

அந்தச் சாமான்களில் ஒன்றுக்குக் கூட்டத்தில் பாவாடை என்று பெயர். கயாக்கில் ஆள் உட்காரும் குழிக்குள் அலை இறங்காமல் இருக்க, இடுப்பில் மாட்டிக்கொண்டு விளிம்பைக் குழியைச் சுற்றி இழுத்துப் பூட்டும் ரப்பர் துணி அது. முதல் நாள் ஆண்கள் எல்லோரும் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். மடி நனைந்த பிறகு அவர்களே கேட்டு வாங்குவார்கள். அதன் முன்பக்கம் ஒரு சிவப்புப் பட்டை இருக்கும். படகு கவிழ்ந்து தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கும்போது அதைப் பிடித்து இழுத்தால் பாவாடை கழன்று ஆள் வெளியே வந்துவிடலாம். மாட்டுகிற அவசரத்தில் பட்டை உள்ளே போய்விட்டதோ, தொலைந்தது. அதனால் கிளம்புமுன் ஒவ்வொருவரும் பக்கத்துப் படகுக்காரரின் பட்டையை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார்கள். அது அவர்களுக்குள் வழக்கம்.

அக்கா மகளின் கணவருக்கு எதிலும் அவசரம். துடுப்புப் பிடித்து நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் தூரத்துத் தீவைப் பற்றித்தான் பேச்சு. ஒருநாள் பின்னறையில் சித்தி அக்கா மகளிடம், "அவருக்குக் கை போற வேகத்துக்குக் கண்ணு போகலடி. பெரிய தண்ணிக்கு இப்ப வேணாம்," என்று சொல்லி வைத்தாள். அலசிய ஜாக்கெட்டைக் கையில் பிடித்தபடி மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார்.

அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரே அறையில் நின்றாலும் மனைவி வழியாகத்தான் தபால் போகும்.

"உங்க சித்திகிட்ட பெரிய பம்பு இருக்கான்னு கேளு."

"அவர் தலைக்கு நேர் மேல ஆணியில தொங்குதுன்னு சொல்லு."

"ரெண்டு பேரும் என்னை என்ன ஸ்பீக்கர்னு நெனச்சீங்களா?" என்று அக்கா மகள் கத்துவாள்.

பாறைத்தீவுக்குப் போன அன்று நாலு படகுகள். போகும்போது கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. தீவில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தபோது மேற்கே வானம் கறுத்திருந்தது. அக்கா மகள் எல்லோரையும் அவசரப்படுத்தினாள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் பாவாடை பாறையில் மாட்டிக் கிழிந்தது. பொதுப் பையிலிருந்த உபரிப் பாவாடையை அவரிடம் தூக்கிப் போட்டார்கள். புதுசு, விறைப்பு போகாதது. அவர் வயிற்றை எக்கிக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினார்.

"மாப்பிள்ளை, மூச்ச விட்றாதீங்க. பாவாடை தெறிச்சுக் கரைக்குப் போயிடும்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. பக்கத்துப் படகு சித்தியுடையது. அவள் பட்டையை இழுத்துப் பார்க்கக் கை நீட்டினாள். அவர் அந்தப் பக்கமே திரும்பாமல், "நானே பார்த்தாச்சுன்னு சொல்லு," என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படகைத் தள்ளினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. சித்திக்குச் சுருக்கென்றது. எனக்கென்ன வந்தது என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"சித்தி, அவர் கூடவே வாங்க. நாங்க முன்னால போய் வழி பார்க்கிறோம்," என்று அக்கா மகள் மருந்துக்கடைக்காரரோடு முன்னே போனாள்.

நடு வழியில் காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமுமாக மோதியது. அலைகள் செங்குத்தாக எழுந்தன. முன்னே போன படகுகள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. சித்தி மாப்பிள்ளைக்கு நாலு துடுப்பு தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். ஓர் அலை அவர் படகைத் தூக்கிக் காட்டியபோது அவர் மடி முழுக்கத் தெரிந்தது. ஒரே கறுப்பு. சிவப்பு இல்லை.

ஜாக்கெட் மறைத்திருக்கும் என்று நினைத்தாள். அடுத்த அலைக்காகக் காத்திருந்தாள். அவர் பின்னால் சாய்ந்து துடுப்பு போட்டார். சிவப்பு இல்லை. பட்டை உள்ளே போயிருந்தது.

கத்திச் சொல்லலாம். சொன்னால் அவர் குனிந்து பார்ப்பார். துடுப்பிலிருந்து ஒரு கையை எடுத்து வயிற்றைத் தடவுவார். இந்த அலைக்கு அந்த ஒரு நொடி போதும். விசில் ஊதலாம். ஊதினால் என்னவோ ஏதோவென்று சட்டென்று திரும்பிப் பார்ப்பார், அதுவும் போதும். கரையோரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தடவை கவிழ்ந்து பழகிய மனிதர். அவரைத் தொட்டாக வேண்டும், ஆனால் எதற்கென்று அவருக்குத் தெரியக் கூடாது.

மூட்டையைத் தூக்கிவிடு என்றுகூட யாரையும் கேட்டுப் பழகாதவள் அவள். இப்போது அவரைக் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை! எனக்குக் கை பிடிச்சுக்கிச்சு!"

"என்னது?"

"கை! துடுப்பு போட வரல. கொஞ்சம் பிடிச்சுக்கணும்!"

ஒரு கணம் அவர் நம்பாததுபோல் இருந்தார். பிறகு குரலில் ஒரு தெம்பு வந்தது. "அப்பவே நெனச்சேன். இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

"தேவையில்லதான். படகைத் திருப்பாதீங்க! நேராவே மெதுவாப் போட்டுட்டு இருங்க. அலையே என்னை உங்க பக்கம் தள்ளிடும்."

அலை தள்ளாத இடத்தில் அவளே தள்ளிக்கொண்டாள். படகுகள் உரசின.

"துடுப்பைக் குறுக்க வச்சுட்டு ரெண்டு கையாலயும் என் படகுக் கயித்தைப் பிடிங்க. நல்லா என் மேல சாஞ்சுக்கோங்க."

இரண்டு கயாக்குகள் ஒட்டிக்கொண்டால் தெப்பம் மாதிரி, சுலபத்தில் கவிழாது. பிடி விட்டால் மறுபடி தனித்தனி. மாப்பிள்ளை அவள் படகின் மேல் கவிழ்ந்து பிடித்துக்கொண்டார். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "பெரிய தண்ணிக்கு நான் வேணாம்னு சொன்ன ஆளு, இப்ப யாரைப் பிடிச்சிருக்கீங்க பாருங்க."

"ஆமா, உங்களைத்தான்."

சொல்லிக்கொண்டே அவர் இடுப்போரம் விரலைக் கொடுத்தாள். ஈர ரப்பர் அசையவில்லை. நகம் மடங்கியது. முழு உள்ளங்கையையும் அழுத்தி நெம்பினாள்.

"என்ன பண்றீங்க?"

"பாவாடை சரியா உட்காரல. அசையாதீங்க."

விளிம்பு விட்டுக்கொடுத்த அதே நேரம் ஓர் அலை மேலே விழுந்து குழிக்குள் கொட்டியது. மாப்பிள்ளை அலறினார். அவள் கையை முழங்கை வரை உள்ளே விட்டு முன்பக்கமாகத் துழாவினாள். அவர் தொடைமேல் சுருண்டு கிடந்தது பட்டை. வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்த அலை வருமுன் விளிம்பைக் குத்திக் குத்தி உட்கார வைத்தாள்.

கறுப்பு ரப்பரின் மேல் சிவப்புப் பட்டை கிடந்தது. மாப்பிள்ளை அதையே பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எப்ப பார்த்தீங்க?"

"இப்பதான்."

"உங்க கை?"

"சரியாயிடுச்சு."

அவர் பிடியை விடவில்லை. விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. ஒட்டிக் கிடந்த இரண்டு படகுகளையும் நீரோட்டம் கடலுக்குள் தலைநீட்டிய பாறை ஒன்றின் பக்கமாக இழுக்கத் தொடங்கியிருந்தது. பாறையில் வெடித்த நுரை இங்கிருந்தே தெரிந்தது.

"துடுப்பை எடுங்க மாப்பிள்ளை."

"முடியல சித்தி. கை வரல. நிஜமாவே வரல."

அதட்டினால் இன்னும் இறுகிவிடுவார். சித்திக்கு வேறு வழி தெரியவில்லை, பேச ஆரம்பித்தாள். "என் கடைக்கு ஒரு ஆளு வாராவாரம் சட்டை கொண்டு வரார். கசங்காத சட்டை. மடிப்புக்கூட கலையாதது. ஏன்னு சொல்லவா?"

அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப துடுப்பை எடுங்க. எடுத்தாத்தான் சொல்வேன்."

ஒரு கை விட்டது. பிறகு இன்னொன்று.

"இடது போடுங்க. வீட்டுல அவருக்கு ஓயாம ஏச்சு. வலது. ஒரு வேலையும் செய்யறதில்லைன்னு. இடது. அதனால நான் போய்த் துணி போட்டுட்டு வரேன்னு கிளம்பிடுவார். வலது, வலது! அலையைப் பார்க்காதீங்க, என்னைக் கேளுங்க. வந்து என் கடை பெஞ்சில அரைமணி நேரம் கண்ணை மூடி உட்காருவார். அவ்வளவுதான்."

"யாரு அது?"

"இன்னும் பத்து போடுங்க, சொல்றேன்."

போட்டார். பாறை மெல்லப் பின்னால் போனது.

"முன்னால போறாரே, அந்த மருந்துக்கடைக்காரர்தான்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பும் அழுகையுமாகப் பீறிட்டது. படகு ஒருமுறை ஆடி நேரானது. அதன்பின் கரைவரை அவள் வாய் மூடவில்லை. விரிப்பில் எந்தக் கறை போகும், எது போகாது, எந்த ஹோட்டலில் தலையணை உறை திருடு போகும் என்று ஆயுளுக்கும் சேர்த்துவைத்ததை எல்லாம் இடது வலதுக்கு நடுவில் கொட்டினாள்.

கரையில் மருந்துக்கடைக்காரர் கையை இடுப்பில் வைத்து நின்றிருந்தார். "பின்னால யாரோ விடாமப் பேசற சத்தம் கேட்டுச்சே, யாரு சித்தி அது?"

சித்தி அவர் முகத்தைப் பார்க்காமல் படகை இழுத்தாள்.

அக்கா மகள் ஓடி வந்தாள். "ஏன் இவ்வளவு நேரம்?"

மாப்பிள்ளை படகை விட்டு இறங்காமலே சொன்னார். "பட்டையை உள்ள விட்டுட்டுக் கிளம்பிட்டேன். சித்திதான் நடுக்கடல்ல வெளிய எடுத்து விட்டாங்க."

அவள் முகம் வெளிறியது. "கிளம்பும்போது இழுத்துப் பார்க்கலையா சித்தி?"

"வேணாம்னார். நானும் வீறாப்புல விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாதுடி."

அக்கா மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று நடந்துபோய் ஈர மணலில் முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின.

"போய்ப் பாருங்க," என்றாள் சித்தி.

மாப்பிள்ளை படகிலிருந்து தட்டுத்தடுமாறி எழுந்தார். "நீங்களும் வாங்க சித்தி. தனியாப் போனா என்னைக் கொன்னுடுவா."