ஒரே மணியில் எடுக்கும் மோடம்

மணமேல்குடியில் மோடத்தை அடக்கி ஆண்ட ஒரே ஆள் நான்தான். பொய். அதுதான் என்னை ஆண்டது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு ஒரு பிரவுசிங் சென்டரில் கூட்டித் துடைத்து, கம்ப்யூட்டரைப் போட்டு அணைக்கிற வேலை.

மோடம் என்பது போன் ஒயர் வழியாக இன்டர்நெட்டை இழுத்து வரும் சின்னப் பெட்டி. கறுப்புத் திரையில் AT என்று தொடங்கி ஒரு கட்டளை அடித்தால் OK என்று பதில் சொல்லும். என் பேச்சுக்கு OK சொன்ன முதல் ஜீவன் அது.

கட்டளைகளையெல்லாம் மெக்கானிக் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார். ATS0=1 என்று அடித்தால், போன் ஒருமுறை மணி அடித்ததும் மோடமே எடுத்துவிடுமாம். எடுத்து என்ன பேசும் என்று நான் யோசிக்கவில்லை. இனி எழுந்து போக வேண்டியதில்லை என்ற சந்தோஷத்தில் அடித்தேன். கரண்ட் போனாலும் அது மறக்காமலிருக்க AT&W வேண்டும். அந்த நடு எழுத்துக்குப் பெயர் தெரியாததால் ஜிலேபி என்பேன். ஜிலேபியும் போட்டேன்.

அதே வாரம் கட்டுமாவடியில் பெண் பார்த்தோம். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். தினமும் துடைக்கிறேனே, முழுப் பொய் இல்லை. பெண்ணின் அப்பா, "வெள்ளிக்கெழம பத்து மணிக்கு போன்ல முடிவச் சொல்றோம் தம்பி" என்றார். எங்கள் வீட்டில் போன் இல்லை. கடை நம்பரைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்துக்கு மணி அடித்தது. நான் கை நீட்டுவதற்குள் மோடம் எடுத்து, கீஈஈ கர்ர்ர் என்று அலறியது. அந்தப் பக்கம் பெண்ணின் அப்பா போனை வைத்துவிட்டார். மறுபடி மணி, மறுபடி அலறல்.

"யாருடா அங்க ஆட்ட அறுக்குறது?" என்றார் முதலாளி.

"மோடம் பேசுதுண்ணே."

"ஒனக்குப் பொண்ணு கேட்டா அது ஏன்டா பேசுது?"

ஓடிப்போய் ATS0=0 அடித்தேன். OK. நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிரில் ஜிலேபியை மறந்துவிட்டேன். கரண்ட் ஒருமுறை கண் சிமிட்டியது. மோடம் பழைய புத்திக்கே போய்விட்டது. கம்ப்யூட்டர் சோம்பல் முறித்து எழுவதற்குள் மூன்றாவது மணி. ரிசீவரைத் தூக்கி, அந்த அலறலுக்கு மேலே, "மாமா, நான் இல்ல மாமா!" என்று நானும் அலறினேன்.

"ஒயரப் புடுங்க வேண்டியதுதானடா!" என்றார் முதலாளி.

இது எனக்குத் தோன்றவே இல்லை. பிடுங்கினேன். அதன்பிறகு மணியே அடிக்கவில்லை. நான் பிடுங்கியது போன் ஒயர்.

மத்தியானம் பெண்ணின் அப்பாவே பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலில் நின்று என் தொண்டையையே பார்த்தார்.

"தம்பி, ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"அது மோடம் மாமா."

"எத்தன நாளா இருக்கு?"

அவரை உட்கார வைத்து, மோடத்தைக் கையில் எடுத்து நான் விளக்கத் தொடங்கினேன். முதலில்...

"ஏங்க! அங்கிட்டு ஒக்காந்து என்னத்த எழுதுறீங்க? கட்டுமாவடியிலேர்ந்து எங்கப்பா வந்து எறங்கிட்டாராம். வண்டிய எடுத்துட்டுப் போயிக் கூட்டியாங்க!"

"இந்தா வாரேன்!"