அக்காவுக்கு நான் கொடுத்த டீச்சர் வேலை

என் அக்கா டீச்சர் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. மலேசியாவில் பந்திங் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில், ஆயாக்கொட்டகையில் ஆயாவாக இருந்தாள். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். உத்தரத்திலிருந்து வரிசையாகச் சாரோங் துணித் தொட்டில்கள் தொங்கும். ஒரு கையால் ஒன்றை ஆட்டிக்கொண்டே இன்னொரு கையால் இன்னொரு பிள்ளைக்குப் பால் புகட்டுவாள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். பீ, மூத்திரம், சளி, வாந்தி எல்லாம் அவள் கையோடுதான்.

அவளை டீச்சராக்கியது நான்.

எனக்கும் அவளுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அம்மா செத்தபோது எனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரியது, பேன் பார்த்தது, பந்திங்கில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது எல்லாம் அவள்தான். வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் "தங்கச்சி படிக்குது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். நான் படித்தேன், கோலாலம்பூருக்கு வந்தேன், அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட் ஆனேன். அங்கே வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொள்ளவும் முடிவு செய்தேன். அவர்கள் கிள்ளானில் பேர்பெற்ற யாழ்ப்பாணக் குடும்பம். மூன்று தலைமுறையாகக் கவர்மெண்ட் உத்தியோகம், சுவர் முழுக்கச் சான்றிதழ்.

முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனபோது அவருடைய அம்மா கேட்டார். "அக்கா என்ன செய்யிறா, பிள்ளை?"

ஆயா என்ற சொல் தொண்டைவரை வந்தது. அப்புறம் உள்ளே போய்விட்டது. எஸ்டேட் ஆபீசில் கொட்டகையை இங்கிலீஷில் நர்சரி என்று எழுதுவார்கள், அது ஞாபகத்துக்கு வந்தது. "எஸ்டேட் நர்சரியில இருக்காங்க" என்றேன்.

மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, டீச்சரோ!"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. நான் பொய் சொல்லவில்லையே, அவராக அப்படி நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்வது என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு நானே வாதாடினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கல்யாணத்தன்று மாமி அக்காவை முன்வரிசையில் உட்காரவைத்து, "டீச்சர், பால் குடியுங்கோ. டீச்சர், இஞ்சால வாங்கோ" என்று தாங்கோ தாங்கென்று தாங்கினார். அக்கா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "ஏன் இவங்க என்னைய டீச்சருங்கிறாங்க?" என்று கேட்டாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "சும்மா இரு, அக்கா. அவங்க சிலோன்காரங்க. பொம்பளைங்களுக்கு மரியாதை குடுக்கணும்னா அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றேன். அக்கா நம்பிவிட்டாள். அன்று சாயங்காலம் விடைபெறும்போது மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ட்டு வரேங்க டீச்சர்" என்றாள். மாமி அதை நல்ல பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். நான் மட்டும் வியர்த்துக் கொட்டி நின்றேன்.

அதற்குப் பிறகு இருவரையும் அதிகம் சந்திக்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். என் கணவர் எஸ்டேட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும்போதெல்லாம் ரோடு மோசம், மழை, அட்டை என்று ஏதாவது சாக்குச் சொல்வேன். நான் மட்டும் எப்போதாவது பந்திங் பஸ் பிடித்துப் போய்விட்டு, அன்றைக்கே திரும்பிவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில் எங்களுக்கு மகள் பிறந்தாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். எனக்கு ஒன்றரை மாத லீவு. மாமிக்குக் கிள்ளானில் படுக்கையில் கிடக்கும் மாமாவைப் பார்ப்பதற்கே நேரம் போதவில்லை. பிள்ளையை யார் பார்ப்பது என்ற பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது.

"உங்கட அக்காவைக் கேட்டுப் பார்ப்பமே" என்றார் கணவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார். "அவ ஒரு டீச்சர் எல்லோ? டீச்சரைப் போய்ப் பிள்ளை பாக்கக் கூப்பிடுறது மரியாதையில்லை, தம்பி. ஏஜென்சியில ஒரு ஆயாவைப் பிடிப்பம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரான் பிள்ளைகளை எல்லாம் இருபது வருஷம் வளர்த்தவளுக்கு என் பிள்ளையைத் தொடத் தகுதி இல்லாமல் போனது, அவளுக்குத் தகுதி கூடிப்போனதால்! "நீங்க சொல்றது சரிதான் மாமி" என்றேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைக்க விரும்பவில்லை. அக்கா வந்து இந்த வீட்டில் ஒரு வாரம் இருந்தால் போதும், அவள் வாயாலேயே கொட்டகைக் கதை எல்லாம் வெளியே வந்துவிடும். அந்தப் பயம் எனக்கு.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அக்கா வந்தாள். கூட்டம் குறைந்த பிறகு, நான் தனியாக இருந்த சமயம் பார்த்துச் சமையலறைக்கு வந்தாள்.

"கொட்டகைய மூடப் போறாங்க, தெரியுமா? பால்மரத்த எல்லாம் சாச்சுட்டு எண்ணெய்க்குச் செம்பனை நடுறாங்க. பாதிக் குடும்பம் வெளிய போயிடுச்சு, பிள்ளைங்களே இல்ல. உனக்கு லீவு முடிஞ்சதும் நான் வந்துடட்டா? கூலி கீலின்னு ஒண்ணும் வேணாம். ஒரு மூலை குடுத்தா போதும்."

முகம் அப்படி ஒளிர்ந்தது அவளுக்கு. வேலை போகப்போகிற கவலையே இல்லை. நேரம் சரியாக அமைந்துவிட்டது என்ற சந்தோஷம்தான் தெரிந்தது.

"அவங்க வீட்ல ஏஜென்சி ஆளுதான் வேணுங்கிறாங்கக்கா" என்றேன். "ஏஜென்சின்னா பேப்பரெல்லாம் சரியா இருக்கும், டாக்டர் செக்கப் பண்ணியிருப்பாங்க. சொந்தக்காரங்கள வச்சா பின்னாடி மனஸ்தாபம் வரும்னு நினைக்கிறாங்க."

மாமி சொல்லாத வார்த்தைகளை எல்லாம் மாமி தலையில் கட்டினேன். அக்கா கோப்பைகளைக் கழுவினாள். பிறகு, "எந்த ஏஜென்சி?" என்றாள்.

"மெயின் ரோட்டுல, துணிக்கடைக்கு மேல மாடியில இருக்கு" என்றேன். பஸ்ஸிலிருந்து பார்த்த போர்டு அது. எதற்குக் கேட்கிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அந்த மாடிப்படி ஏறினேன். நடத்திய அம்மா நம் ஆள்தான், ஐம்பது வயது இருக்கும். மேஜை விசிறி காகிதங்களைப் பறக்கவிட, ஒவ்வொன்றின் மேலும் எதையாவது எடுத்து வைத்துக்கொண்டே பேசினார்.

"உக்காருங்க சிஸ்டர். எந்த மாதிரி ஆளு வேணும்? இந்தோனேசியா ஆளா, நம்ம ஆளா? நம்ம ஆளுன்னா எஸ்டேட்லேருந்து வர்றாங்க, பிள்ளைங்கள நல்லா பாப்பாங்க லா."

"நம்ம ஆளே இருக்கட்டும் ஆன்டி."

ஒரு பைலைத் தள்ளினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு போட்டோ, கீழே விவரம். நான் முதல் பக்கத்தைத் திறப்பதற்குள் அவரே நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். "இவங்களப் பாருங்க. போன வாரம்தான் வந்து பேர் குடுத்தாங்க. ஆயாக்கொட்டகையில இருவது வருஷம் சர்வீஸ். என்கிட்ட இதவிட நல்ல ஆளு கிடையாது."

அக்கா.

ஸ்டுடியோவில் எடுத்த முழு உருவப் படம். என் கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிள்ளையை ஏந்தியிருப்பதுபோல முன்னால் கோத்து வைத்திருந்தாள். கீழே ஆன்டியின் கையெழுத்தில் விவரம் இருந்தது. வயது, எஸ்டேட் பெயர், கல்யாணம் ஆகவில்லை. கோலாலம்பூரில் உறவினர் என்ற இடத்துக்கு நேராக, இல்லை.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர்களுக்கு ஏஜென்சி ஆள்தான் வேண்டும் என்று நான் சொன்னதை அவள் அப்படியே நம்பியிருக்கிறாள். அப்படியானால் ஏஜென்சி ஆளாகவே வந்துவிடலாம், முகம் தெரிந்தவளாக இருந்தாலும் பேப்பர் சரியாக இருந்தால் மறுக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். சொந்தக்காரர் கூடாது என்றார்களாமே, அதனால் எனக்கு யாரும் இல்லை என்று எழுதவைத்திருக்கிறாள். இரண்டு பஸ் மாறி வந்து, இந்தப் படியேறி, இதே நாற்காலியில் உட்கார்ந்து என் பெயரை மறைத்திருக்கிறாள்.

"இந்த ஏரியாதான் வேணும்னாங்க. பிரிக்பீல்ட்ஸ்ல கைக்கொழந்த இருக்கிற வீடுன்னா மொதல்ல என் படத்தக் காட்டுங்கன்னாங்க" என்றார் ஆன்டி. "கூப்பிட்டு விடட்டுமா?"

அந்த இடத்தில் நான் செய்திருக்கக்கூடியது எத்தனையோ இருந்தது. இது என் அக்கா என்று சொல்லியிருக்கலாம். பைலை மூடிவிட்டு எழுந்து, நேராகப் பந்திங் பஸ் ஏறியிருக்கலாம். வீட்டுக்குப் போய், மாமி, என் அக்கா டீச்சர் இல்லை, ஆயா என்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். மாமி என்ன, என்னைக் கடித்தா தின்றிருப்பார்? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், மூன்றாம் நாள் மறந்திருப்பார். இப்போது தெரிகிறது இதெல்லாம்.

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

"ஏன் சிஸ்டர்?" என்றார் ஆன்டி ஆச்சரியமாக.

"வயசாத் தெரியுது" என்றேன். "வேற காட்டுங்க."

நாற்பத்து மூன்று வயது அவளுக்கு. தலையில் பாதி நரை. அந்த நரை எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாதா? இன்றைக்கும் என்னுடைய அந்தக் குரல் என் காதில் கேட்கிறது, வெண்டைக்காய் முற்றல் என்று ஒதுக்குகிற குரல். எனக்குக் கூசிப்போகிறது.

ஜெஞ்சாரோம் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளம்பெண்ணை எடுத்தேன். அவளும் எஸ்டேட்காரிதான், அவளும் ஒரு கொட்டகையில் வேலை பார்த்தவள்தான். மாமி வந்து பார்த்துவிட்டு, "நல்ல ஆயா, கெட்டிக்காரி" என்று மெச்சினார். ஆயா என்ற சொல் அந்த வீட்டில் யாருக்கும் உறுத்தவில்லை. என் தொண்டையில் மட்டும்தான் அது முள்ளாகச் சிக்கியிருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் அக்கா. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தலைமுடி கன்னங்கரேல் என்று இருந்தது. நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் சாயம் ஒட்டிக்கிடந்தது.

"என்னக்கா இது வேஷம்?" என்றேன். எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் கோபமாகத்தான் வரும், அது என் பிறவிக் குணம். "இந்த வயசுல உனக்கு எதுக்கு சாயம்? பாக்கச் சகிக்கல."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே வந்து, தொட்டிலில் தூங்கிய பிள்ளையை எட்டிப் பார்த்தாள். தொட்டில் தொங்கும் ஸ்பிரிங்கைத் தாழ்வாகக் கட்டியிருந்தது அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும், கை உயர்ந்தது. புது ஆயா பக்கத்தில் நின்றதால் கையை இறக்கிக்கொண்டாள். அந்தப் பெண் துணி காயப்போடப் போன பிறகுதான் முடிச்சைச் சரிசெய்தாள்.

"நீ ஏஜென்சிக்குப் போனப்ப என் படத்த காட்டலியா அவங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"உன் படமா? அங்க உன் படம் எதுக்கு இருக்கு?" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா!

"பேர் குடுத்திருந்தேன். உனக்குச் சொல்லாம செய்யலாம்னு பாத்தேன். சரி, அந்த அம்மா மறந்துட்டாங்க போல" என்றாள். பிறகு வெட்கத்தோடு சிரித்தாள். "வேற யாரோ ஒரு வீட்டுக்காரங்க படத்தப் பாத்தாங்களாம். வயசாத் தெரியுதுன்னுட்டாங்களாம். அந்த அம்மாதான் சொன்னாங்க, சாயம் போட்டு வேற படம் எடுத்துக் குடுங்கன்னு. அதான் ஸ்டுடியோவுக்குப் போய்ட்டு நேரா இங்க வரேன். நெஜமாவே சகிக்கலையா?"

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"இந்த ஏரியாவுல எந்த வீடா இருந்தாலும் சரி. சாயங்காலம் வேல முடிஞ்சதும் வந்து பாப்பாவ ஒரு தடவ பாத்துட்டுப் போவேன்ல" என்றாள். மத்தியானம் சாப்பிடச் சொன்னேன், மாமி வருகிற நாள் என்பதால் இரண்டாம் தடவை சொல்லவில்லை. அவளும் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"நீ அந்தப் பக்கம் போனா, அந்த அம்மாகிட்ட என்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லு. அக்கான்னு சொல்ல வேணாம். தெரிஞ்சவங்கன்னு சொன்னா போதும்."

சரி என்று தலையாட்டினேன். அதைக்கூட நான் போய்ச் சொல்லவில்லை.