விட்டத்தைப் பார்த்து நின்றவர்

கால்சட்டை மாட்டும்போதெல்லாம் என் கணவர் ஒரு கையை என் தோளில் ஊன்றிக்கொள்வார். கல்யாணமான புதிதில் சுவரில் ஊன்றினார், பிறகு பீரோவில். பல வருடங்களாக என் தோள்தான். பார்க்கிறவர்கள் அதைப் பாசம் என்பார்கள். கிடைக்கிற நல்ல பெயரைக் கெடுப்பானேன் என்று நானும் மறுத்ததில்லை.

அவர் பெயின்டர். ஏணியில் நின்று வெளிச்சுவர் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஊரில் பேச்சு. அதாவது அவர் பேசுவார், ஊர் கேட்டுக்கொண்டிருக்கும். போன வருடம் ஏணி உச்சியில் ஒருமுறை ஆடிப்போய் வாளியை விட்டுவிட்டார். கீழே நின்ற வெள்ளைக் கார் பாதி பச்சையானது.

"அண்ணே, இனிமே நீங்க ஏற வேணாம். கீழ நின்னு ஏணியப் பிடிச்சுக்குங்க" என்றார் மேஸ்திரி.

யானையைக் கூப்பிட்டு இன்னொரு யானையின் வாலைப் பிடித்துக்கொள் என்ற மாதிரிதான். அன்று வீட்டில் சோறு அப்படியே ஆறியது. மறுபடி ஏறாவிட்டால் தானும் ஒரு மனிதனா என்று சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, கோளாறு ஏதுமில்லை, காலில்தான் பலமும் நிதானமும் இல்லை, நூலக மாடியில் தாய் சி வகுப்பு நடக்கிறது, போங்கள் என்றார். மெதுவாக அசைந்து செய்கிற சீனப் பயிற்சி.

"காத்தைத் தடவுறதுக்கு ஒரு வகுப்பா?" என்றவர், தனியாகப் போக வெட்கப்பட்டு என்னையும் இழுத்துப்போனார். நான் கடைசி வரிசையில் நின்றுகொண்டேன்.

முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு, குடத்து நீரை ஊற்றுவதுபோல மெல்ல மாற்ற வேண்டும். பிறகு ஒரு காலைத் தூக்க வேண்டும். இவர் தூக்கினார், கூடவே தலையையும் தூக்கினார். ஏணியில் கீழே பார்க்கக் கூடாது என்று பழகிய கண் விட்டத்துக்குத்தான் போகும்.

"ஐயா, நேரா பாருங்க" என்றாள் சொல்லித்தரும் பெண்.

"நேரா என்னம்மா இருக்கு? மேல பாருங்க, ஈரம் காயறதுக்குள்ள பட்டி மாவு பூசியிருக்கான், படுபாவி."

சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்மேல் சாய்ந்தார்.

"விழறதுக்கு வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றார் அவர். வாரா வாரம் இதே கதை.

மோசமாக அடித்த பெயின்டைப் பார்க்காமல் இவரால் இருக்க முடியாது. ஒருநாள் இவர் கடைக்குப் போன நேரம், வீட்டுக் கூடத்துச் சுவரில், இவர் கண் உயரத்துக்கு, மிச்சமிருந்த வேறொரு நிறத்தை ஒரு திட்டாகப் பூசி வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் கூடத்தில் பயிற்சிக்காகக் காலைத் தூக்கியவர் கண்டுவிட்டார்.

"யாரு இந்த வேலையப் பார்த்தது?"

"எனக்கென்னங்க தெரியும்."

"பிரஷ் பிடிக்கத் தெரியாத ஜென்மம்" என்று திட்டத் தொடங்கினார். திட்டி முடிக்கும்வரை தூக்கிய கால் இறங்கவில்லை. அவருக்கே அது தெரியவில்லை. தினமும் காலையில் திட்டினார், நானும் தினமும் கேட்டுக்கொண்டேன்.

சில மாதம் கழித்து வேலையிடத்தில் மேஸ்திரி முன்னால் ஒற்றைக் காலில் நின்று காட்டினார். மேஸ்திரி தேநீரைக் குடித்து முடித்தும் இவர் அசையவில்லை.

"அப்படி எதண்ணே பார்க்கிறீங்க?"

"நீ அடிச்ச சுவரைத்தான்."

மேஸ்திரி இரண்டாவது தேநீர் சொல்லவில்லை.

இப்போது அறைகளுக்குள் சின்ன ஏணியில் ஏறுகிறார். வெளிச்சுவருக்கு மேஸ்திரி இன்னும் சம்மதிக்கவில்லை. கடைசி வரிசையில் நின்று நானும் செய்ததில் எனக்கிருந்த முட்டிவலி குறைந்திருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை.